நான் வாங்காத நோட்டிஸ்

கையெழுத்துப் போட்டு வாங்காத பதிவுத் தபால், சட்டத்தின் கண்ணில் வராத தபால் என்று நான் நம்பியிருந்தேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

யட்டவத்தையில் பிரதேச செயலகத்துக்குப் போகும் வழியில் என் கடை. போட்டோ கொப்பி எடுப்பது, விண்ணப்பம் நிரப்புவது, கடிதம் டைப் அடித்துக் கொடுப்பது. இருபத்தெட்டு வருடமாக அதே ஒற்றை அறை. பிறப்புச் சான்றிதழோடு வருபவர், காணிப் பத்திரத்தோடு வருபவர், வங்கி அனுப்பிய கடிதத்தோடு முகம் வெளுத்து வருபவர் எல்லோருடைய காகிதமும் என் மெஷினின் கண்ணாடியில் ஒருதரம் குப்புறப் படுத்துத்தான் எழும்பும். படிக்காமல் கொப்பி எடுக்கும் பழக்கம் எனக்கில்லை. படித்துவிட்டு ஆலோசனை சொல்லாமல் இருக்கும் பழக்கமும் இல்லை. கொப்பிக்குக் காசு, ஆலோசனை இலவசம். "கையெழுத்து மட்டும் வச்சிராதீங்க. வைக்காத வரைக்கும் அந்தக் கடுதாசி பொறக்கவே இல்ல" என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேனோ தெரியாது. அதைக் கேட்டு எத்தனை பேர் நடுத்தெருவுக்கு வந்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. பஸ்ஸில் போகிற சிலர் என் கடையைத் தாண்டும்போது தலையை வெளியே நீட்டி முறைத்துப் பார்ப்பதுண்டு. காற்று வாங்குகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

கடை என்னுடையது, அறை என்னுடையது அல்ல. அறைக்குச் சொந்தக்காரர் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றார், கிளாக்கர்த்தனத்திலிருந்து இல்லை. ஒவ்வொரு மாதமும் முதலாம் தேதி காலை பத்து மணிக்குக் குடையோடு வருவார். வாடிக்கையாளர்கள் உட்காரும் பெஞ்சில் நட்டநடுவே உட்காருவார். நான் வாடகையைக் கொடுப்பேன். எண்ணி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்த பிறகு, நான்கு சுவரையும் கூரையையும் ஏதோ களவு போயிருக்கிறதா என்பதுபோல் பார்ப்பார். எழுந்து போவார். பற்றுச்சீட்டு என்று ஒரு துண்டு இருபத்தெட்டு வருடத்தில் தந்ததில்லை. கேட்டால் அவரைச் சந்தேகப்பட்டதாகிவிடும். வாடகையை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் வழக்கமில்லை. அவர் வாசலில் நான் ஏறுவது அவருக்குப் பிடிக்காது. என் வாசலில் அவர் ஏறுவது எனக்கும் பிடிக்காது. ஆனால் கட்டடம் அவருடையது, சகித்துக்கொண்டேன்.

சண்டை கூரையில் தொடங்கியது. தகரம் ஓட்டை விழுந்து, மழை சரியாக மெஷினுக்குப் பக்கத்தில் இறங்கியது. இரண்டு மழைக்காலம் சொல்லிப் பார்த்தேன். "பாப்பம்" என்பார், வேறு யாருடைய கூரையையோ பற்றிச் சொல்வதுபோல. மூன்றாவது மழைக்காலம் ஒரு சிவப்புப் பேசினை ஓட்டைக்குக் கீழே வைத்து, அதற்கு மேலே சுவரில் ஒரு அறிவித்தல் ஒட்டினேன். "நீச்சல் தடாகம். உரிமையாளரின் முன் அனுமதியின்றிக் குளிப்பது தடை." தமிழ், சிங்களம், இங்கிலீஷ், மூன்று மொழியிலும். கீழே "உத்தரவுப்படி" என்று அவர் எழுத்தைப்போலவே உருட்டி எழுதினேன்.

முதலாம் தேதி வந்தார். கடையில் ஏழெட்டுப் பேர். அறிவித்தலை மூன்று மொழியிலும் நின்று படித்தார். பின்னால் யாரோ மூக்கால் சிரித்தார்கள், பிறகு எல்லோருமே சிரித்தார்கள். நான் வாடகைப் பணத்தை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் என் கையைப் பார்க்கவில்லை. "நல்லா எழுதியிருக்க" என்றார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த முதலாம் தேதி வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. அந்தாள் வெட்கப்பட்டுவிட்டார் என்று நான் தீர்மானித்தேன். பகிடியாலேயே வாடகையை ஒழித்த முதல் ஆள் இலங்கையில் நானாகத்தான் இருக்கும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னேன். போய்க் கொடுத்துவிட்டு வரும்படி மனைவி சொன்னாள். வேண்டுமென்றால் வந்து வாங்கட்டும் என்றேன். அவர் வராமலிருப்பது மறதியால் அல்ல, நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்றாள். கிளாக்கர்கள் எண்ணுவதைப்பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். கொஞ்ச நாள் அந்தப் பணம் மேசை லாச்சியில் தனியாக இருந்தது. பிறகு மாத்தளைக்குப் போய் அதைக் கொடுத்துப் பழைய லெமினேட்டிங் மெஷின் ஒன்று வாங்கி வந்தேன். அந்த மாதம் யட்டவத்தையில் பிளாஸ்டிக் உறை போடாத காகிதமே இருக்கவில்லை.

நான்காம் மாதம் தபால்காரர் வந்தார்.

ஓய்வுக்குக் கிட்டத்தில் நிற்கும் மனிதர். முஸ்லிம் அண்ணனைக் கூப்பிடுவதுபோல ஊரில் எல்லோரும் அவரை 'நானா' என்போம். ஒரு பதிவுத் தபால் உறையை என் மேசையில் வைத்து, கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினார். முகவரி உருட்டி உருட்டி எழுதியிருந்தது. யாருடைய உருட்டல் என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. இருபத்தெட்டு வருட சட்ட ஞானம் முழுவதும் ஒன்றாகத் திரண்டு வாய்க்கு வந்தது.

"நானா, நான் கடையில இல்லன்னு எழுதிருங்க."

"யாரு சொன்னான்னு எழுத?"

"பக்கத்துக் கடைக்காரரு சொன்னாருன்னு எழுதுங்க."

"அவரு மௌத்தாகி ரெண்டு வருசம், தம்பி."

அவர் சிரிக்கவில்லை. உறையைப் பைக்குள் போட்டுக்கொண்டு, நாளைக்கும் வருவதாகவும் நாளை மறுநாளும் வருவதாகவும் அதற்குப் பிறகு என் விருப்பம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். உத்தியோகத்தில் உண்மையாக இருப்பவர்களால் இந்த நாட்டில் எனக்கு வந்த தொல்லை கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்த நாள் காலை ஒன்பதரைக்கே கடையை இழுத்துச் சாத்திவிட்டு நாவுலைக்கு பஸ் ஏறினேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. சந்தையில் கத்தரிக்காய் விலை விசாரித்தேன், வாங்கவில்லை. பூசணிக்காய் விலை விசாரித்தேன். நான்காவது முறையாக அதே வியாபாரியிடம் போனபோது, அரசாங்கத்திலிருந்து விலைக் கட்டுப்பாட்டுக்கு வந்திருக்கிறீர்களா என்று கேட்டார். மத்தியானத்துக்குப் பிறகு திரும்பி வந்தேன். மூன்றாம் நாள் நாவுலைக்குப் போகப் பணமும் மனமும் இல்லை. நானாவின் சைக்கிள் மணி கேட்டதும் கொப்பி மெஷினுக்குப் பின்னால் குந்தினேன். தோட்டத்திலிருந்து வந்த ஒரு அம்மா அடையாள அட்டைக் கொப்பிக்காக நின்றுகொண்டிருந்ததை மறந்துவிட்டேன். நான் இருக்கிறேனா என்று நானா கேட்டது காதில் விழுந்தது. அந்த அம்மா மெஷினுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"இருக்காருங்க. கீழ குந்திக்கிட்டு இருக்காரு."

நானா மெஷினுக்கு மேலாகத் தலையை நீட்டினார். நான் எழும்பவில்லை. எழும்பினால் இருப்பதாகிவிடும். அவர் மேசையில் உறையை வைத்து, வாங்க மறுத்துவிட்டார் என்று எழுதி, தேதி போட்டு, எழுதியதைக் குனிந்து எனக்குக் காட்டினார். அவர் உறையோடு போன பிறகு எழுந்து அந்த அம்மாவின் கொப்பியை இலவசமாக எடுத்துக் கொடுத்தேன். வென்றுவிட்டேன் அல்லவா.

இந்த நம்பிக்கை எனக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதில் பகிடி பண்ண எனக்கு வரவில்லை.

நான் பிறந்தது மாத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், வரிசை வீட்டின் ஒற்றைக் காம்பராவில். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து வேலையிலிருந்து பெயர் வெட்டப்பட்ட வருடம், ஆபீசிலிருந்து பியூன் ஒரு கடிதம் கொண்டுவந்தார். இங்கிலீஷில் இருந்தது. என்னவென்று கேட்காமல் அப்பா கைநாட்டு வைத்து வாங்கினார். ஒரு மாதத்தில் காம்பராவை விட்டு இறங்கினோம். அந்த ரேகையை மட்டும் வைக்காதிருந்தால் ஒருவராலும் அசைத்திருக்க முடியாது என்று லயம் முழுக்கச் சொன்னார்கள். எனக்கு அப்போது பதினொரு வயது. வாய்ப்பாட்டைப்போல அதை மனப்பாடம் பண்ணிக்கொண்டேன். அடுத்த காம்பராக்காரருக்கும் அதே கடிதம் வந்தது, அவர் கைநாட்டு வைக்கவில்லை, பியூனை ஏசி அனுப்பினார். அவரும் அதே மாதம்தான் சட்டிபானையைத் தூக்கினார். நாற்பது வருடத்தில் இந்த இரண்டாவது பாதி ஒருநாள்கூட எனக்கு நினைவுக்கு வரவில்லை. எனக்குச் சாதகமில்லாத சாட்சியை அப்போதே தள்ளிவிட்டிருக்கிறேன்.

உறை திரும்பிப் போய் நான்கு கிழமை கழிந்திருக்கும். ஒரு காலையில் கிளாக்கரய்யா வந்தார். முதலாம் தேதி இல்லை. கூடவே மருமகன். மருமகனின் கையில், உறைகூடப் பிரிக்காத ஒரு புதுப் பூட்டு. கைத்தொலைபேசி விற்கும் கடை போட அந்த மருமகன் இடம் தேடுவதாக ஊரில் பேச்சு இருந்தது. அவர் பெஞ்சில் உட்காரவில்லை. தெருவிலேயே நின்று, தெருவுக்கே கேட்கும்படி பேசினார்.

"நாள் முடிஞ்சிருச்சு. சாவிய குடு."

"எந்த நாளுங்கய்யா? எனக்கு ஒண்ணும் வரலையே."

அவர் தோள்பையிலிருந்து உறையை எடுத்தார். திறக்காத உறை. நானாவின் எழுத்து மேலேயே தெரிந்தது. அதை உயர்த்தி, நின்றவர்களுக்கெல்லாம் ஒரு சுற்றுக் காட்டினார்.

"வராத கடுதாசிக்கு எதுக்குடா மெஷினுக்குப் பின்னால குந்துன?"

சிரிப்பு எழுந்தது. அதே ஏழெட்டுப் பேர்தான், அன்று அவரைப் பார்த்துச் சிரித்த அதே மூக்குகள். நான் பதிலுக்கு ஏதோ ஒரு பகிடி சொன்னேன். என்னவென்று இப்போது ஞாபகமில்லை, யாரும் சிரிக்கவில்லை என்பது மட்டும் நன்றாக ஞாபகமிருக்கிறது. பூட்டை இப்போது போட்டால் பொலிசுக்குப் போவேன் என்றேன். போடமாட்டேன், நீதிபதியின் கையால் போடுவிப்பேன் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார்.

போடமாட்டேன் என்று அவர் சொன்னதை நான் நம்பவில்லை. அந்த அறை போனால் எனக்கு வேறு இடம் இல்லை. செயலகத்துத் தெருவில் ஒரு சுவருக்கும் அடுத்த சுவருக்கும் இடையில் கை நுழைக்க இடமில்லை. என் வீடு எண்பது படிக்கு மேலே இருக்கிறது. கொப்பி மெஷினை மூன்று பேர் தூக்க வேண்டும், அதைத் தூக்கிக்கொண்டு மேலே போனாலும் விண்ணப்பம் நிரப்ப யாரும் எண்பது படி ஏறமாட்டார்கள். இந்த ஒரு தொழில்தான் எனக்குத் தெரியும். ஆகவே கடையை விட்டு நகரக் கூடாது என்று முடிவெடுத்தேன். பகல் முழுவதும் உள்ளேயே இருந்தேன். தேநீர் குடிக்கக்கூடத் தெருவைத் தாண்டவில்லை. ஒன்றுக்குப் போவதைக்கூட ஒத்திவைத்தேன், அதன் விவரம் இங்கே வேண்டாம். மத்தியானம் மனைவி சோற்றுப் பார்சலோடு வந்து என்னைப் பார்த்தாள்.

"அவங்க பூட்டிருவாங்கன்னு பயந்து ஒங்களையே உள்ள பூட்டிக்கிட்டீங்க. பூட்டுக் காசு அவருக்கு மிச்சம்."

அடுத்த கிழமை நீதிமன்றத்திலிருந்து கட்டளை சேர்ப்பிக்கும் பிஸ்கால் ஆள் வந்தார். அழைப்பாணை என்று தெரிந்ததும், பழக்கதோஷத்தில் மெஷின் பக்கம் ஒரு அடி வைத்தேன். அவர் என்னோடு பேசவே இல்லை. பசை தடவி இழுகதவில் ஒட்டினார், கைத்தொலைபேசியில் படம் பிடித்தார், போய்விட்டார். ஒட்டியதற்கும் நான் கையெழுத்து வைக்கவில்லையே என்று மனம் ஒரு கணம் துள்ளியது. அப்போது சோற்றுப் பார்சலோடு வந்த மனைவி அந்தக் காகிதத்தை நகத்தால் சுரண்டிக் கிழியாமல் எடுத்து, மடித்து, என் சட்டைப்பையில் திணித்தாள். மாத்தளை பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டு, பஸ் புறப்படும் வரை நின்று பார்த்தாள்.

மாத்தளையில் நான் போனது ஒரு பெண் சட்டத்தரணியிடம். மலிவு என்று சொன்னார்கள். பேச்சில் அவர் மலிவு இல்லை. அழைப்பாணையைப் படித்துவிட்டு நோட்டிஸ் எங்கே என்று கேட்டார். வாங்கவே இல்லை மிஸ், கையெழுத்தே வைக்கவில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"அதுக்கு நான் கைதட்டணுமா?"

பிறகு எனக்கு வகுப்பு எடுத்தார். சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் வந்ததை நான் வேண்டுமென்றே மறுத்திருக்கிறேன். மறுத்தவனுக்குக் கிடைத்ததாகத்தான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். நான் ஒளிந்திருந்த நாட்களும் நோட்டிஸ் நாட்களாகவே ஓடிக்கொண்டிருந்தன. வழக்குப் போடுவதற்கு முன்னால் எந்த நாளிலாவது பாக்கி முழுவதையும் கொண்டுபோய் நீட்டியிருந்தால், பாக்கி என்ற காரணத்தை வைத்து வழக்கே போட்டிருக்க முடியாது. இப்போது வழக்குப் போட்டாயிற்று. அவர் வந்து வாங்கவில்லை மிஸ், அதுதான் எங்கள் வழக்கம் என்றேன். அந்த வழக்கத்துக்குப் பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். நான் விட்டத்தைப் பார்த்தேன். அங்கே ஒழுகவில்லை.

வழக்கு மனுவோடு நோட்டிஸின் பிரதி இணைக்கப்பட்டிருந்தது. அதைப் புரட்டியவர் அப்படியே நின்றார். அந்தப் பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்து, இதை யார் எழுதியது என்று கேட்டார்.

நான் படித்தேன். இங்கிலீஷ். இந்தத் தேதியிலிருந்து முப்பது நாளுக்குள் உமது வசமுள்ள இடத்தைக் காலிசெய்து, சுத்தமான நிலையில் ஒப்படைக்குமாறு இத்தால் கட்டளையிடப்படுகிறீர். தவறினால் மேலும் அறிவித்தல் இன்றி நடவடிக்கை எடுக்கப்படும். எனக்கு இரண்டாவது வரியைப் படிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அப்பா அந்தக் கடிதத்தைச் சாகும்வரை வைத்திருந்தார். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்ததும் நான் படித்த முதல் கடிதம் அதுதான். அப்பாவுக்கு எழுதியவர் இவர் இல்லை, வேறு தோட்டம், வேறு கிளாக்கர். வாசகம்தான் ஒன்று. லயத்து ஆட்களைக் கிளப்ப ஆபீஸ்களில் வைத்திருந்த அச்சு. ஓய்வு பெற்றபோது அதையும் தலைக்குள் வைத்து எடுத்து வந்திருக்கிறார். பெயரையும் முகவரியையும் மாற்றி, அதே முப்பது நாளோடு எனக்கு அனுப்பியிருக்கிறார். மிஸ் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

பிறகு விரலால் முப்பது என்ற எண்ணைத் தொட்டுக் காட்டினார். பழைய கட்டடம், பழைய வாடகைக்குடி, வாடகைச் சட்டத்துக்குள் வரும். வாடகை முதல்தடவையாகப் பாக்கி விழுந்தவனுக்கு மூன்று மாதம் அறிவித்தல் கொடுக்க வேண்டும். இரண்டாம் தடவை விழுந்தால் இரண்டு மாதம், மூன்றாம் தடவை ஒரு மாதம். இருபத்தெட்டு வருடத்தில் இதுதான் என் முதல் தடவை. நான் இரண்டு நாள் மெஷினுக்குப் பின்னாலும் நாவுலைச் சந்தையிலும் ஒளிந்தது, சட்டப்படி ஆளைக் கிளப்ப முடியாத ஒரு நோட்டிசுக்கு.

"வாங்கி அன்னைக்கே கொண்டாந்திருந்தீங்கன்னா, ஒரு மணி நேர வேல. இப்ப ஒங்களுக்கும் செலவு, அவருக்கும் செலவு, எனக்குத் தலவலி."

அத்தோடு, இதனால் நான் தப்பிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம் என்றார். இந்தச் சட்டம் என் கடைக்குப் பொருந்தாது என்று எதிர்ப்பக்கம் வாதிடும், அதில் அவர்கள் வென்றால் முப்பது நாளே தாராளம். பாக்கியையும் இனிவரும் வாடகையையும் பிரதேச சபையில் சொந்தக்காரரின் பெயருக்குக் கட்டிப் பற்றுச்சீட்டு எடுக்கச் சொன்னார். லெமினேட்டிங் மெஷினை வாங்கிய கடைக்கே திருப்பிக் கொண்டுபோனேன். விற்றபோது புகழ்ந்த அதே வாயால் கடைக்காரர் அதைத் திட்டினார், பாதி விலை தந்தார். பிரதேச சபையில் விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாமல் நான் முழித்தபோது, அங்கே வேலை செய்த பிள்ளை, வெளியே போய் வலப்பக்கம் திரும்பினால் ஒரு கடை இருக்கிறது, அங்கே நிரப்பித் தருவார்கள் என்று சொன்னது. அது என் கடை.

வழக்கு ஒன்றரை வருடம் இழுத்தது. அவருடைய சட்டத்தரணி வழக்குப் போடும் முன்பே, இந்த நோட்டிசை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று அனுப்பலாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார். தான் எழுதிய கடிதத்தை இதுவரை ஒரு துரைகூடத் திருத்தியதில்லை என்று கிளாக்கரய்யா மறுத்துவிட்டாராம். இது நீதிமன்றத்துக் கன்டீனில் என் மிஸ்ஸின் காதுக்கு வந்து, அவர் எனக்குச் சொன்னது. பிடிவாதத்தில் அவருக்கும் எனக்கும் ஒரே தொழிற்சாலை.

சாட்சிக் கூண்டில் முதலில் அவர் ஏறினார். வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பொத்தான். தமிழில் சொன்னார், மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொன்னார். திறக்காத உறையை நீதிமன்றத்தில் திறந்தார்கள். உள்ளே இருந்ததும் பிரதியில் இருந்ததும் ஒன்றுதான். எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்று மிஸ் கேட்டார். முப்பது என்றார், பெருமையாகவே. ஏன் முப்பது என்று கேட்டார். எப்போதும் முப்பதுதான் என்றார். எங்கே எப்போதும் என்று கேட்டார். தோட்டத்தில் என்றார். இந்தக் கடை தோட்டத்தில் இல்லையே என்று மிஸ் சொன்னார். அவர் என்னைப் பார்த்தார்.

"ஆளு அங்கேயிருந்து வந்த ஆளுதானே."

மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே, குரலைக்கூட மாற்றாமல் சிங்களத்தில் சொன்னார். நீதிபதி தலையைத் தூக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தார்.

அடுத்த விசாரணைத் தவணையில் நான் ஏறினேன். நோட்டிஸ் வந்ததே தெரியாது என்று சொல்லிவிடலாமா என்று முதல்நாள் மிஸ்ஸிடம் கேட்டிருந்தேன். சொன்னால் வழக்கை விட்டுவிட்டு எழுந்து போய்விடுவேன் என்றிருந்தார். ஆகவே எதிர்ப்பக்கச் சட்டத்தரணி கேட்டதற்கெல்லாம் உண்மையே சொன்னேன். ஆமாம், தபால்காரர் வந்தார். ஆமாம், மூன்று நாளும். முதல் நாள் எங்கே இருந்தீர்? மேசையில். இரண்டாம் நாள்? நாவுலையில். அங்கே என்ன வேலை? கத்தரிக்காய் விலை விசாரித்தேன். மூன்றாம் நாள்? மெஷினுக்குப் பின்னால் குந்தியிருந்தேன். ஏன்? கையெழுத்து வைக்காவிட்டால் தப்பலாம் என்று நினைத்தேன். இதை யார் உமக்குச் சொன்னது?

பின் வரிசையில் யட்டவத்தையிலிருந்து வந்த நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு நான் ஆலோசனை சொல்லியிருக்கிறேன். ஒருவர் அதைக் கேட்டு வீட்டை இழந்தவர் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அவர் என்னைப் பார்க்கத்தான் மாத்தளைவரை பஸ் ஏறி வந்திருந்தார். நானேதான் எனக்குச் சொல்லிக்கொண்டேன் என்றேன். மொழிபெயர்ப்பாளர் மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். வெளியே வராந்தாவில் அந்த ஆள் என்னிடம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். முகத்தை முழுதாக ஒருதரம் பார்த்துவிட்டு, பஸ் நிலையத்துக்கு நடந்தார்.

தீர்ப்பு இரண்டு மாதம் கழித்து வந்தது. மிஸ் வாசித்துக் காட்டினார். எதிராளியாகிய எனக்கு நோட்டிஸ் கிடைத்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. நான் ஒளிந்ததற்கு எந்தப் பலனும் இருக்கவில்லை. வாடகைச் சட்டம் கடைக்குப் பொருந்தும் என்றும், மூன்று மாதத்துக்குப் பதிலாக முப்பது நாள் கொடுத்ததால் அறிவித்தல் செல்லாது என்றும் சொல்லி வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள். பாக்கியைச் சபையில் கட்டி முடித்துவிட்டதால், அதே காரணத்துக்கு அவரால் இரண்டாவது நோட்டிஸ் அனுப்ப முடியவில்லை. கடையில் நான்தான் இருக்கிறேன். வாடகை மாதாமாதம் பிரதேச சபைக்குப் போகிறது, அவர் அங்கே போய் வாங்கிக்கொள்கிறார். நாங்கள் பேசிக்கொள்வதில்லை.